சூரியனை அணைக்க ஒரு சுபநேரம்

"அப்ப சூரியனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறீங்களோ தம்பி?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. லெட்டர நான் எழுதல. கொண்டு வந்தது மட்டும்தான் நான்."

"கொண்டு வாறவை எல்லாரும் உதையேதான் சொல்லுறவை. வாசியுங்கோ பாப்பம். என்ரை கண்ணாடி உள்ளுக்கை கிடக்கு."

கஜேந்திரன் கடிதத்தை விரித்தான். தலைப்பில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அதுதான் தேசிய சூரிய நெறிப்படுத்தல் அதிகாரசபையின் இலச்சினை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"எதிர்வரும் புத்தாண்டு தினத்தன்று நண்பகல் பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு அமைந்துள்ள சுபநேரத்தில், வெண்ணிற ஆடை அணிந்து, வடக்குத் திசை நோக்கி நின்று, தங்கள் கூரைமேல் உள்ள சூரிய மின்தொகுதியை அணைத்துவிடுமாறு தாழ்மையுடன் கட்டளையிடப்படுகிறீர்கள். பிற்பகல் நான்கு மணிவரை சூரியனைப் பாவித்தல் ஆகாது."

"வடக்கு எது? குசினிப் பக்கமோ?"

"கடல்... மேற்கு," என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் வந்தது. "மிச்சத்தை... நீரே பாரும்."

குரலுக்குரியவர் நாகேந்திரம். நாற்பது வருடம் காணி அளந்து ஓய்வு பெற்றவர். திசை தெரியாதவர்களை அவரால் இன்றும் மன்னிக்க முடிவதில்லை. நுரையீரல் இரண்டும் பழுதாகிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்க, அதிலிருந்து வரும் குழாய் மூக்கில் செருகியிருக்க, அவர் படுத்திருந்தார். மெஷின் மின்சாரத்தில் ஓடியது. அவர் மெஷினில் ஓடினார். மனைவி பாலேஸ்வரி இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், பதினான்காம் இலக்க வீட்டில்.

"ஏன் நிப்பாட்ட வேணும்? வெயில் குடுக்கிறதை வேண்டாமெண்டுறதுக்கு ஒரு அதிகாரசபையோ?"

கஜேந்திரனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவன் அந்த அதிகாரசபையின் சக்திப் பொருளியலாளன். கொட்டாஞ்சேனையில் அவனுடைய அம்மா சீனியம்மா அக்கம்பக்கத்தில் "மகன் கரண்டு ஓபீசுல" என்று சொல்லி வைத்ததால், பழுதான மீற்றரைப் பார்க்க வரச்சொல்லித்தான் ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். படித்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே கேட்டவுடன் அவன் கதிரையின் நுனிக்கு வந்தான்.

"அக்கா, நீங்க மத்தியானம் இடியப்பம் அவிக்கிறீங்கன்னு வைங்க. நூறு தட்டு. ஆனா வீட்ல எல்லாருக்கும் ராவுக்கு ஏழு மணிக்குத்தான் பசிக்கும். சூரியனும் அப்படித்தான். அது பன்னெண்டு மணிக்கு அவிக்குது, நாங்க ஏழு மணிக்குத் தின்றோம். நடுவுல ஏழு மணித்தியாலம். அந்த ஏழு மணித்தியாலத்துக்குப் பேர்தான் பற்றரி. பற்றரி இல்லேன்னா அவிச்சதக் கொட்டணும். புத்தாண்டுக்கு பெக்டரி, கந்தோர், கடை எல்லாம் பூட்டு. யாருமே தின்ன மாட்டாங்க. வெயிலோ கொளுத்தும். லைன் தாங்காது."

"விளங்குது. அப்ப பற்றரி எங்கை?"

கஜேந்திரன் கதிரையில் பின்னுக்குப் போனான்.

"நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டலாம்," என்றார் பாலேஸ்வரி. "ஆனா ஒருக்கா வந்து பாருங்கோ, உங்கடை ஆக்கள் பூட்டின சீரை."

விறாந்தைச் சுவரில் பெட்டி தொங்கியது. கூரைக்கு ஒரு சுவிட்ச், வீட்டுக்கு ஒரு சுவிட்ச் என்று இருக்கவேண்டிய இடத்தில், அதிகாரசபையின் ஆட்கள் ஒரே சுவிட்சை வைத்து இரண்டையும் அதில் கொழுவிவிட்டுப் போயிருந்தார்கள். கூரையை அணைத்தால் வீடும் அணையும். வீடு அணைந்தால் மெஷின் நிற்கும். இதைத் திருத்துவதற்கு ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்பினால் மூன்று மாதத்தில் ஒருவர் வந்து, அது உண்மையிலேயே ஒரு சுவிட்ச்தானா என்று உறுதிப்படுத்துவார். பிறகு இன்னொரு படிவம்.

கஜேந்திரன் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தான். உள்ளே மெஷின் இரைவது கேட்டது.

"விடுங்க அக்கா. நீங்க நிப்பாட்ட வேணாம். தீவு முழுக்க எத்தன கூரை! உங்க ஒரு வீட்டால ஒண்ணுமே ஆகாது. நான் பாத்துக்கிறேன்."

"நம்பலாமோ?"

"என்ன நம்புங்க."

அந்த வீட்டு விறாந்தையில் அவன் இதைச் சொன்னது இரண்டாவது தடவை.

முதல் தடவை சொன்னது இரண்டு வருடங்களுக்கு முன்பு. அப்போதுதான் அந்த ஒழுங்கை 'சூரிய ஒழுங்கை' என்று பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. இருபத்திமூன்று வீடுகள். கஜேந்திரன் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஆறே மாதத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாகப் பெரிய பற்றரி ஒன்று வரும், அதன்பிறகு தீவே இருண்டாலும் இந்த ஒழுங்கை இருளாது என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அதிகாரசபையின் தவிசாளர் கலாநிதி சவுந்தரநாயகம் நேர்முகப் பரீட்சையில் அவனுடைய ஆய்வேட்டைக் கையில் வைத்திருந்தார். அதை முழுதாக வாசித்திருந்தார். அவனுக்குத் தெரிந்து அதை முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான். பரீட்சகர்கள்கூட நடுவில் சில பக்கங்களை விட்டிருந்தார்கள். "பற்றரி இல்லாத சூரியன் கதவில்லாத வீடு மாதிரி என்று எழுதியிருக்கிறீர், வெரி நைஸ்," என்று அவர் சொன்னபோது, இந்த மனிதருக்காகக் கூரையிலிருந்து குதிக்கவும் தயார் என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது. உயரமான கூரைகளில் ஏறுகிற வேலை என்பதால் அது சும்மா தோன்றியதும் அல்ல.

பாலேஸ்வரி அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கரண்ட் கட் வந்தா இவரின்ரை மெஷின் ஓடுமோ?" அவர்களிடம் அப்போது ஒரு ஜெனரேற்றர் இருந்தது. நாகேந்திரம் தன் அளவைக்கோல்களுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்றால் அதன் பக்கவாட்டில் 'நாகே, 14' என்று எழுதி வைத்திருந்தார். திட்டத்தில் சேருவதென்றால் அதை ஒப்படைக்க வேண்டும். 'பழைய சக்தியைத் துறந்தமைக்கான சான்று' என்றது விதி.

துறவு நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. இருபத்திமூன்று வீட்டு ஜெனரேற்றர்களும் லொறியில் ஏற்றப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் மாலை போட்டார்கள். தவிசாளர் லொறிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். "இன்றோடு இந்த ஒழுங்கையில் புகை முடிந்தது," என்றார். லொறி கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு காலி வீதிக்கு ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். நாகேந்திரம் கதவருகில் கதிரையில் இருந்தபடி தட்டினார். இரண்டு தட்டுத் தட்டி மூச்சு வாங்கிவிட்டு மூன்றாவதைத் தட்டினார்.

அதிகாரசபைக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. முழுக்கக் கண்ணாடி. வெயில் அதிகம் என்பதால் எல்லா யன்னல்களுக்கும் தடித்த திரை. திரை போட்டதால் உள்ளே இருட்டு. இருட்டு என்பதால் பகல் முழுக்க எல்லா மின்விளக்கும். திங்கட்கிழமை காலைகளில் உத்தியோகத்தர்கள் திரைகளின் முன்னால் வரிசையாக நின்று, கிழக்கு நோக்கி, 'சூரியனே எம் தலைமை உத்தியோகத்தர்' என்ற உறுதிமொழியை எடுப்பார்கள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர், உறுதிமொழிக்கு உதவியாக இருக்கட்டும் என்று திரையை விலக்கினார். அவரிடம் விளக்கம் கோரப்பட்டது.

இந்தக் கட்டடத்தில் கஜேந்திரன் பற்றரிக்காக நூற்று நாற்பது பக்க அறிக்கை ஒன்றை எழுதினான். அது மின்கல உபகுழுவுக்குப் போனது. உபகுழு அதை அழகியல் உபகுழுவுக்கு அனுப்பியது. அங்கே அட்டைப்படம் மட்டும் அங்கீகரிக்கப்பட்டது. பதினொரு மாதம் கழித்து உண்மையிலேயே ஒரு பற்றரி வந்து இறங்கியது. கஜேந்திரன் படிகளில் ஓடி இறங்கி அதைக் கையால் தொட்டுப் பார்த்தான். ஒரு குளிர்சாதனப் பெட்டியளவு இருந்தது. மறுநாள் அதை ஒன்பதாம் மாடிக்கு ஏற்றினார்கள்.

"பரீட்சார்த்தமாக," என்றார் தவிசாளர். "மக்களிடம் கொடுப்பதற்கு முன் நாங்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டாமா, மிஸ்டர் கஜேந்திரன்? ஏதும் ஆபத்து என்றால் அது முதலில் எனக்கு வரட்டும்."

ஒன்பதாம் மாடியில் தவிசாளரின் அறையும் கூட்ட மண்டபமும் இருந்தன. மண்டபத்தில் ஒரு மீன்தொட்டி. பற்றரி இரண்டு அறைகளின் ஏஸியையும், தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பையும் தாங்கியது. கரண்ட் போனால் மீன்களுக்கு ஒக்சிசன் தடைப்படும், அவை மிக நுட்பமான சாதி என்று தவிசாளர் விளக்கினார். கஜேந்திரன் தொட்டியைப் பார்த்தான். குமிழிகள் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒன்பது மீன்கள் இருந்தன.

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போவதாக இருந்தான். போகவில்லை. பாலேஸ்வரி தொலைபேசியில் கேட்டபோது, "வருது அக்கா, கஸ்டம்ஸ்ல நிக்குது" என்றான். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பதால் எந்தக் கஸ்டம்ஸ், எந்த மேசை, அங்கே யார் லீவு என்பது வரைக்கும் சொல்லிவிட்டான்.

பிறகு சூரியப் பூங்கா திறப்புவிழா வந்தது. திறப்பதற்குரிய சுபநேரம் பின்னேரம் ஆறு நாற்பத்தேழு என்று கணிக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் சூரியன் கடலுக்குள் போய்விடும் என்று கஜேந்திரனும், வலையமைப்புப் பொறியியலாளர் புவாத்தும் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதினார்கள். 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்ற முத்திரையோடு அது திரும்பி வந்தது.

மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. கடலில் வெளிச்சம் சிவந்து, பின் சாம்பலாகியது. ஏக்கர் கணக்கில் விரிந்திருந்த தகடுகள் இருட்டில் தூங்கப்போன மாடுகளைப்போலக் கிடந்தன. தவிசாளர் பேசினார்.

"சூரியன் ஓர் ஒழுக்கமில்லாத உத்தியோகத்தர். காலையில் பிந்தி வருகிறார். மழை என்றால் லீவு. மதியம் மட்டும் மும்முரமாக வேலை செய்வதுபோல் காட்டுகிறார். முக்கியமான விழா என்றால் ஆளைக் காணவில்லை. கேட்பதற்கு யாருமில்லை என்ற துணிவு. இப்படிப்பட்ட ஒருவரை இத்தனை காலமும் இந்த நாடு எந்த மேற்பார்வையும் இல்லாமல் விட்டுவைத்திருந்தது. இனி அப்படி நடக்காது."

கைதட்டலுக்கு நடுவே அவர் பொத்தானை அழுத்தினார். ஆயிரம் பல்புகள் பளிச்சென்று எரிந்தன. கஜேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கணம் தான் படித்ததெல்லாம் பிழையோ என்றுகூட நினைத்தான். பிறகு டீசல் மணந்தது.

மேடைக்குப் பின்னால் படங்கு கட்டி மறைத்த இடத்தில் ஜெனரேற்றர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. காய்ந்துபோன மாலைகளைக்கூட யாரும் கழற்றவில்லை. மூன்றாவதின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்றில் 'நாகே, 14' என்று இருந்தது.

புவாத் பக்கத்தில் வந்து நின்றான். "பாத்தியா மச்சான்? சூரியன் நல்லாத்தான் ஓடுது. ஒயில் மட்டும் மாத்தணும்."

"இது அந்த அக்கா வீட்டு ஜெனரேற்றர்டா."

"செல்லப் போறியா அவங்களுக்கிட்ட?"

கஜேந்திரன் சொல்லவில்லை. அடுத்தநாள் சொல்வோம் என்று நினைத்தான். அதற்கு அடுத்தநாளும் அப்படியே நினைத்தான். அவனுடைய வேலை ஒப்பந்த வேலை. நிரந்தரமாக்கும் கடிதம் தவிசாளரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். சீனியம்மா கொட்டாஞ்சேனையில் அந்தக் கடிதத்துக்குப் படச்சட்டம் வாங்கி, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வெறுமையாக மாட்டி வைத்திருந்தார்.

புத்தாண்டுச் சுற்றறிக்கைக்கும் இருவரும் ஒரு குறிப்பு எழுதினார்கள். இந்தமுறை நேரிலேயே கொண்டுபோனார்கள்.

"சேர், எல்லாக் கூரையையும் ஒரே நிமிஷத்தில நிப்பாட்டச் சொல்லக் கூடாது," என்றான் கஜேந்திரன். "வண்டில் ஓடிட்டு இருக்கும்போது எல்லா மாட்டையும் ஒரே நேரம் அவுத்து விட்ட மாதிரி ஆயிடும். வலயம் வலயமா நிப்பாட்டணும். அரை மணித்தியாலம் இடைவெளி விட்டு."

தவிசாளர் அவனை அன்போடு பார்த்தார். "சுபநேரம் வலயத்துக்கு வலயம் மாறுமா, மிஸ்டர் கஜேந்திரன்? இந்த நாட்டில் பால் பொங்குவது ஒரே நேரத்தில். அடுப்பு மூட்டுவது ஒரே நேரத்தில். எல்லோரும் ஒன்றாகச் செய்வதற்கு நம் மக்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதையும் நீர் அரை மணித்தியால இடைவெளி விட்டு உடைக்கச் சொல்கிறீர்."

"லைனுக்கு நேகத், சுபநேரம் ஒண்டும் தெரியாது சேர்," என்றான் புவாத்.

"கற்றுக்கொடுப்போம்," என்றார் தவிசாளர்.

புத்தாண்டு நாள் வந்தது. வானத்தில் துண்டு முகில் இல்லை. கஜேந்திரனும் புவாத்தும் அதிகாரசபையின் அவதானிப்பு அறையில் இருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் தீவின் வரைபடம். திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு கூரையும் ஒரு மஞ்சள் புள்ளி. எண்ணிப் பார்க்க முடியாதபடி அப்பிக் கிடந்தது மஞ்சள். தொலைக்காட்சியில் தவிசாளர் வெள்ளை உடுத்து, வடக்கு நோக்கி, பொன்முலாம் பூசிய சுவிட்ச் ஒன்றின் முன்னால் நின்றார். மேளம் அடித்தது. ஐந்து, நான்கு, மூன்று.

இந்த நாட்டின் வரலாற்றில் ஒரு சுற்றறிக்கையை எல்லோரும் கடைப்பிடித்தது அன்றுதான். மஞ்சள் முழுவதும் ஒரே கணத்தில் போனது. வரைபடம் கறுத்தது. வெள்ளவத்தைப் பக்கம் மட்டும் ஒரே ஒரு புள்ளி மஞ்சளாகவே நின்றது. கஜேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகாக இருந்தது, கடலில் தெரிகிற தனி வள்ளத்து வெளிச்சம்போல. புவாத் அதைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த, லைனின் அலைவெண்ணைக் காட்டும் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதில் நிற்கவேண்டிய முள் கீழே போனது. நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டரை.

"மாடு அவுந்துட்டு மச்சான்," என்றான் புவாத் மெதுவாக. "வண்டில் போகுது."

விளக்கு அணைந்தது. தொலைக்காட்சி அணைந்தது. திரை அணைந்தது. திரைச்சீலைகளின் பின்னால் சூரியன் கொளுத்திக்கொண்டிருந்தது. தீவு முழுக்க கரண்ட் இல்லை.

கஜேந்திரன் முச்சக்கரவண்டி பிடித்து வெள்ளவத்தைக்குப் போனான். சந்திகளில் சிக்னல் இல்லாமல் வாகனங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. ஒழுங்கைக்குள் இறங்கும்போது பதினான்காம் இலக்கத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டார் கூடியிருந்தார்கள். நாகேந்திரத்தைக் கதிரையோடு தூக்கி வெளியே கொண்டு வந்திருந்தார்கள். மடியில் சின்ன ஒக்சிசன் சிலிண்டர். அது முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் காணும். மேலே கூரையில் இருபது தகடுகள் கண் கூசும்படி பளபளத்தன.

"உந்தளவு வெயில் எரியுது," என்றார் பாலேஸ்வரி. "நான் நிப்பாட்டவுமில்லை. பெட்டி ஏன் செத்துக் கிடக்கு?"

"லைன்ல கரண்ட் இல்லேன்னா பெட்டி தானா நின்னுடும் அக்கா. பற்றரி இருந்தாத்தான்..."

"அப்ப உதைக் கூரையில ஏன் வச்சனீங்கள்? காகம் முகம் பாக்கவோ?"

நாகேந்திரம் குழாயை மூக்கோடு அழுத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஜெனரேற்றர்..." என்றார். "இருந்தா..." கஜேந்திரன் அவருடைய கால்களைப் பிடித்து முச்சக்கரவண்டிக்குள் ஏற்றினான். அந்தக் கால்களில் எடையே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சிலிண்டரின் முள் அடியில் கிடந்தது. நாகேந்திரம் பிழைத்தார், பதினொரு நாள் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த நான்கு மணித்தியால இருட்டைப் பற்றி அதிகாரசபை வெளியிட்ட முதல் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'அதிகாரசபைக்கு எவ்வித உயிர்ச்சேதமும் இல்லை. ஒன்பது மீன்களும் நலம்.'

இரண்டாவது அறிக்கையை எழுத உண்மை அறியும் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. குழுவின் தலைவர் தவிசாளர்தான். உண்மை அவருக்கே நன்றாகத் தெரியும் என்பதால் வேறொருவரைப் போடுவது வீண் என்று கருதப்பட்டது. புவாத் அவதானிப்புப் பதிவேட்டில் காரணத்தை மூன்று வரியில் எழுதியிருந்தான். அந்தப் பக்கம் அச்சுக்கென்று போய்த் திரும்பி வரவில்லை. புவாத் இரத்மலானையில் உள்ள களஞ்சியசாலைக்குப் போனான். பழைய கம்பிச் சுருள்களை எண்ணுகிற வேலை. "நல்ல காத்து மச்சான், பிளேன் எல்லாம் பாக்கலாம்," என்று தொலைபேசியில் சொன்னான். பிறகு, "நீ கவனம்," என்றான்.

விசாரணை ஒன்பதாம் மாடிக் கூட்ட மண்டபத்தில் நடந்தது. திரைகள் மூடியிருந்தன. மீன்தொட்டியில் பம்ப் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் குழுவினர். அவர்களோடு, 'நிபுணர்' என்று பெயர்ப்பலகை வைத்த கதிரையில் கஜேந்திரன். மறுபக்கம் ஒரே ஒரு கதிரை. அதில் பாலேஸ்வரி, மடியில் கைப்பையோடு.

தவிசாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிக்கையைத் திறந்தார். அதன் முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்: இ. கஜேந்திரன், சக்திப் பொருளியலாளர்' என்று இருந்தது. கஜேந்திரன் அதை முதன்முதலாகப் பார்த்தான். அறிக்கைக்குக் கீழே, கோப்பின் அதே மடிப்புக்குள், வேறொரு கடிதத்தின் ஓரம் தெரிந்தது. அதில் அவனுடைய பெயரும் 'நிரந்தர' என்ற சொல்லும் தெரிந்தன. கையெழுத்து வைக்கும் இடம் தெரியவில்லை.

"லட்சக்கணக்கான மக்கள்," என்று தொடங்கினார் தவிசாளர், "வெள்ளை உடுத்து, வடக்கு நோக்கி நின்று, ஒரே மனதோடு சூரியனை அணைத்தார்கள். அந்த நிமிடத்தில் இந்தத் தீவின் வரைபடத்தில் ஒரு கூரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்று. வெள்ளவத்தை, பதினான்காம் இலக்கம். நான் யாரையும் குற்றம் சொல்ல விரும்பவில்லை. கணக்கு சொல்கிறது. எல்லோரும் ஒரு பக்கம் போகும்போது ஒருவர் மற்றப் பக்கம் இழுத்தால் கயிறு அறுமா, அறாதா? எங்கள் நிபுணரே தன் ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: 'ஒரு முழு வலையமைப்பைச் சாய்ப்பதற்கு ஒரேயொரு கூரை போதும்.'"

அந்த வசனம் கஜேந்திரனுக்கு மனப்பாடம். அது அங்கே முடிவதில்லை. 'போதும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம்' என்று முடியும். அதை முழுதாக வாசித்த ஒரே மனிதர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"தண்டனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. நெறிப்படுத்தல். தொண்ணூறு நாட்களுக்கு உங்கள் வீட்டு மின்னிணைப்பு இடைநிறுத்தப்படும். மற்றவர்களுக்கு ஒரு பாடமாக."

"தொண்ணூறு நாள்," என்றார் பாலேஸ்வரி. "இவர் தொண்ணூறு நிமிஷம் தாங்க மாட்டார் ஐயா. மெஷினிலதான் மூச்சு."

"அதற்கு ஒரு படிவம் இருக்கிறது," என்றார் குழு உறுப்பினர் ஒருவர் கனிவோடு. "மூச்சுக்கான விசேட விலக்கு. நாலு மாதத்தில் பரிசீலிப்பார்கள்."

"நீங்கள் எதற்காக அணைக்கவில்லை?" என்றார் தவிசாளர். "அணைக்க வேண்டாம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? பயப்படாமல் சொல்லலாம்."

சுருக்கெழுத்தாளர் பேனையை எடுத்தார். கஜேந்திரன் தன் பெயர்ப்பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சொல்லட்டும் என்று நினைத்தான். சொன்னால் நல்லது, பிறகு தான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எல்லாம் தானாக முடிந்துவிடும். சொல்லாவிட்டாலும் நல்லது என்று அதே மூச்சில் நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே கேட்டது.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் பாலேஸ்வரி. "நானாத்தான் விட்டனான். எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டார்கள். தவிசாளர் கோப்பை மூடி, நன்றி சொல்வதற்காகக் கையெடுத்தார். பாலேஸ்வரி எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கஜேந்திரன் பக்கம் திரும்பாதவர், இப்போது திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. விறாந்தையில் கடிதம் வாசிக்கச் சொன்னபோது பார்த்த அதே பார்வைதான்.

"தம்பி, நீங்கள் உதைப் படிச்ச ஆள். எனக்காண்டி வேற ஒண்டும் செய்ய வேண்டாம். அண்டைக்குக் கரண்ட் போனது என்ரை கூரையாலயோ, இல்லையோ எண்டு, உங்கடை வாயால இவைக்கு ஒருக்காச் சொல்லி விடுங்கோ."